வாங்கப் போறவங்க மட்டும் பேசுங்க

“முதல்ல நீங்க வாங்கப் போறீங்களா பாய்?” என்று மதியழகன் குழுவில் எழுதி அனுப்பி நான்கு நிமிடம் ஆகியிருந்தது. பதினொன்று நாற்பத்திரண்டுக்கு அனுப்பியது. இப்போது நாற்பத்தாறு. அதற்கடியில் இரண்டு டிக் சாம்பல் நிறத்தில் நின்றன. குழுவில் எல்லோரும் படித்தால்தான் அது நீலமாகும், இருநூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் பாதிப் பேர் செத்தார்களா இருக்கிறார்களா என்றே தெரியாது என்று நினைத்தவன் அந்த இடத்திலேயே இடறி நின்றான். செத்தார்களா இருக்கிறார்களா. எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது இந்தப் பேச்சு. செய்தியை விரலால் அழுத்திப் பிடித்து, யார் யார் படித்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தான். மேலிருந்து மூன்றாவதாக ஹபீப் பாய். பதினொன்று நாற்பத்திரண்டுக்கே படித்திருக்கிறார். படித்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. திண்டுக்கல் பேகம்பூரில், வீட்டு முன்னறைக் கட்டிலில், கணையத்தில் கட்டியோடு படுத்திருக்கிற மனிதர். மூன்று மாதம்தான் என்று மதுரை டாக்டர் சொல்லி, அதில் மூன்று வாரம் கரைந்துபோன மனிதர். அவரிடம் போய், மே மாதம் கடைக்கு வரப்போகிற ஒரு சாமானைக் காட்டி, நீங்கள் வாங்கப் போகிறீர்களா என்று கேட்டிருக்கிறான். இப்போது தை மாதம், பொங்கல் கரும்புச் சக்கை இன்னும் தெருவில் கிடக்கிறது. விரல்விட்டு எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மே எட்டாது. இந்த விஷயம் குழுவில் வேறு ஒருவருக்கும் தெரியாது, மதியழகன் ஒருவனுக்குத்தான் தெரியும். “மறந்துட்டேன்” என்று வாய்விட்டுச் சொன்னான். உறையூரில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த அந்த எடிட்டிங் அறையில் அதைக் கேட்க ஆள் இல்லை. மறந்தே போயிட்டேன், என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான். முதல் தரத்தைவிட இரண்டாம் தரம் கொஞ்சம் பழகியிருந்தது.

எழுந்து போய் வேறு வேலை பார்க்கவும் வழியில்லை. கம்ப்யூட்டரில் முசிறிக் கல்யாண வீடியோ ரெண்டர் ஆகிக்கொண்டிருந்தது. வெட்டி, ஒட்டி, பாட்டு போட்ட துண்டுகளையெல்லாம் இயந்திரம் ஒரே படமாகக் கோத்துத் தரும் வேலை அது. அது முடிகிறவரை கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நாற்பத்தொரு சதவீதம். இந்த மாதிரி நேரத்தில்தான் அவன் குழுவுக்குள் போவான், போனால் வரமாட்டான். குழுவின் பெயர் கார்டு கச்சேரி. கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்து திரைக்குப் படம் வரைந்து தள்ளுகிற கிராஃபிக்ஸ் கார்டு, செங்கல் கனத்தில் ஒரு சாமான், அதைப் பற்றி மட்டுமே பன்னிரண்டு வருடமாக அடித்துக்கொள்கிற கூட்டம். ஊர் உலகம் தேர்தலுக்கும் கிரிக்கெட்டுக்கும் மண்டையை உடைத்துக்கொள்ளும். இவர்கள் கார்டின் விசிறி இரண்டா மூன்றா என்பதற்கு உடைத்துக்கொள்வார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, பிபி மாத்திரை போடுகிற வயசு வந்தும் உடைத்துக்கொள்வார்கள். முந்தாநாள் புதுக் கார்டை அறிவித்தார்கள். அறிவிப்பு மட்டும்தான். யாரும் கண்ணால் கண்டதில்லை, கையால் தொட்டதில்லை, ஒரு மேடையில் ஒரு மனிதர் அதைத் தூக்கிக் காட்டினார், ஒரு வரைபடம் போட்டார், அவ்வளவுதான். அதற்குள் எழுநூறு செய்தி. இந்த அறிவிப்புக்கும் விற்பனைக்கும் நடுவில் இருக்கிற மாதங்கள்தான் குழுவுக்குத் திருவிழாக் காலம். வந்து சேர்ந்த பிறகு சாமானில் பேச ஒன்றுமில்லை. வாங்கினவன் வாங்கினான், வாங்காதவன் வாங்கவில்லை. வராதவரைக்கும்தான் கார்டு எல்லோருக்கும் சொந்தம்.

அந்தத் திருவிழாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கார்டு நல்லது என்று மதியழகன் பேச வேண்டும், ஊரை ஏமாற்றுகிறான் என்று ஹபீப் பாய் பேச வேண்டும். பன்னிரண்டு வருடம், ஆறு கார்டு, ஒரு தடவை கூட இடம் மாறியதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கிற தருண் என்ற சின்னவன் தன்னைத்தானே நடுவராக நியமித்துக்கொண்டு, ரெண்டு அண்ணனும் மேடைக்கு வரலாம் என்று ஆரம்பித்து வைப்பான். இன்று காலையும் அப்படித்தான் ஆரம்பித்தது. முந்தைய கார்டைவிட இரண்டு மடங்கு வேகம் என்று கம்பெனி போட்ட வரைபடத்தை மதியழகன் எடுத்துப் போட்டான். அதைப் பார்த்து பாய் சிரித்தார். சிரித்தார் என்றால், சிரிக்கிற பொம்மை போட்டார். “மாப்ள, இந்த ரெண்டு மடங்குல ஒரு மடங்கு நிசம், இன்னொரு மடங்கு இட்டுக்கட்டினது. ஒரு படத்தை வரையுறான், அடுத்த படத்தை வரையுறான், நடுவுல மூணு படத்தை வரையாமலே இப்படித்தான் இருந்திருக்கும்னு ஊகம் பண்ணிச் சொருகுறான். அதையும் சேர்த்து எண்ணி வேகம்ங்குறான்.” இதற்கு மதியழகனிடம் பதில் இருந்தது. ஊகமோ என்னவோ, பார்க்கிறவன் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போனால் சரி என்றான். தருண் அவனுக்கு ஒரு புள்ளி கொடுத்தான். பிறகு பாய் இரண்டாவதை எடுத்தார். “சரி, அதை விடு. மெமரிக்குப் போற பாதையைப் பாதியாக் குறைச்சிருக்கான், கவனிச்சியா? நாலு வழிச் சாலையை ரெண்டு வழி ஆக்கிட்டு, என் கார் வேகமாப் போகும்னா எப்படிறா? நீ கல்யாண வீடியோ வெட்டுறவன். பெரிய ஃபைலா இழுப்ப. உன் சோத்துலதான் மண்ணு. இப்ப வச்சிருக்கியே, அதுவே தேவலை.” மதியழகன் அந்தப் பட்டியலைத் திரும்பப் பார்த்தான். பாய் சொன்னது சரி. கடைசி வரியில், பொடி எழுத்தில், பாதியாக்கியது இருந்தது. முந்தாநாளிலிருந்து எழுநூறு செய்தியில் ஒருவன் கண்ணிலும் படவில்லை, பாயின் கண்ணில் பட்டிருக்கிறது. ஊசி குத்திய கையோடு, தலையணைக்குச் சாய்ந்துகொண்டு, பொடி எழுத்தைப் படித்திருக்கிறார். தருண் உடனே எழுதினான், “மதி அண்ணே, இதுக்குப் பதில் இருக்கா, இல்ல மேடையை விட்டு இறங்குறீங்களா?” பத்துப் பதினைந்து பேர் கைதட்டினார்கள். மதியழகனுக்குக் காது சூடாயிற்று. நாற்பத்து மூன்று வயசு. அப்போதுதான் அதை எழுதினான்.

அது அவன் வார்த்தை கூட இல்லை, குழுவின் வார்த்தை. வாங்கப் போறவங்க மட்டும் பேசுங்க என்பது குழுவின் முதல் விதி. ஏழு வருடத்துக்கு முன் காலேஜ் பசங்க நாலு பேர் வந்து கலாட்டா பண்ணியபோது மதியழகனேதான் போட்டது. ஒருத்தரும் அதை மதித்ததில்லை, மதித்திருந்தால் குழுவில் மூன்று பேர்தான் மிஞ்சியிருப்பார்கள். ஆனால் வாதத்தில் தோற்கிறவனுக்கு அது ஒரு கைத்தடி. எந்தப் பேச்சு எங்கே போய்க்கொண்டிருந்தாலும், முதல்ல நீ வாங்கப் போறியா என்று கேட்டால் எதிராளி அம்போ. பாயை மட்டும் அது ஒன்றும் செய்யாது. பாய் எப்போதும் ஒரே பதில் வைத்திருப்பார், “ரெண்டு வருசம் கழிச்சு, மாப்ளகிட்ட.” அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை, நடப்பே அதுதான். மதியழகன் புதுசு வாங்குவான், இரண்டு வருடம் அதில் ஊரார் கல்யாணத்தையெல்லாம் வெட்டுவான், அடுத்தது வந்ததும் பழசைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவான். பாய் திண்டுக்கல்லிலிருந்து ஏறுவார். மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கி இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். பாய் கார்டைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். “ரொம்பக் காய்ச்சியிருக்க” என்பார். அப்படி நாலு தடவை. பன்னிரண்டு வருடத்தில் நேரில் பார்த்தது அந்த நாலு தடவைதான். கடைசித் தடவை போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி. அன்று வடையை வாங்கி வைத்துவிட்டுத் தொடாமலே எழுந்தார், வயிறு சரியில்லை மாப்ள என்றார். அன்றைக்கே ஆரம்பித்திருக்குமா? அன்றைக்கே ஒரு டாக்டரைப் பாருங்க என்று சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. அந்த வடையையும் எடுத்துத் தின்றுவிட்டு, மின்விசிறி சத்தம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். இப்போது இந்த இயந்திரத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கிற கார்டு அடுத்து பாயிடம் போக வேண்டியது. ஐம்பத்திரண்டு சதவீதம். கார்டின் விசிறிகள் உச்சத்தில் இரைந்தன, அறையில் சூடு ஏறியது. யாருக்கு என்று காய்ச்சுகிறது இது இப்போது.

பதினொன்று ஐம்பது. இன்னும் பதில் இல்லை. அழித்துவிடலாமா. எல்லோருக்கும் அழி என்று ஒரு வசதி இருக்கிறது. அழித்தால் அந்த இடத்தில் இந்தச் செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு தழும்பு நிற்கும். இருநூறு பேரும், என்னண்ணே எழுதினீங்க, எதை அழிச்சீங்க என்று பிடித்துக்கொள்வார்கள். அது பரவாயில்லை. பாய் பார்ப்பார். பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். என்ன தெரிந்துவிடும்? எனக்கு உறுத்துகிறது என்று தெரிந்துவிடும். உறுத்த வேண்டியதுதானே, உறுத்தினால் தெரிந்தால் என்ன? ஆனால் பாய் கேட்டுக்கொண்டது அதைத்தானே. மார்கழி மூன்றாம் வாரம், பகல் இரண்டு மணி, இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. “கணையமாம் மாப்ள. ஏழாங்கிளாஸ்ல படிச்சதோட சரி, அது எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது.” மதியழகன் இரண்டாவது டாக்டரிடம் காட்டலாமே என்றான், சென்னைக்குப் போகலாமே என்றான், டிவியில் சொல்வதையெல்லாம் சொன்னான். பாய் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். பிறகு கேட்டார், “அந்தக் கார்டு எப்ப வருதாம்?” பிப்ரவரி என்று பேச்சு அடிபடுகிறது என்று இவன் சொன்னான். “அப்பப் பார்த்துரலாம்” என்றார். “ஒண்ணு செய்யி. குழுவுல மூச்சு விடாத. எப்பவும் போலச் சண்டை போடு. நீ விட்டுக்குடுத்துப் பேசினேன்னு வச்சுக்க, நான் வெளியேறிருவேன்.” முந்தாநாள் மேடையில் மே மாதம் என்று சொன்னார்கள். பாய் குழுவில் ஒரே வரிதான் எழுதினார், “மே மாசமா? அக்கினி நட்சத்திரத்துக்கு ஹீட்டர் விக்கிறான்.” நாற்பது பேர் சிரித்தார்கள். இவனும் சிரிக்கிற பொம்மை போட்டான். அதுதான் வழி என்றால் இன்று கேட்டதும் அந்த வழியில் சேர்த்திதானே. எப்பவும் போல என்றார், எப்பவும் போலக் கேட்டேன். சொன்னதைச் செய்தேன். அப்படிப் பார்த்தால் தப்பே இல்லை. அப்படிப் பார்த்தால். ஆனால் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லி ஆயிரம் தடவை மனசு சொன்னதே, திண்டுக்கல் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது, இரண்டு மணி நேரம், மூன்று வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடவா கிடைக்கவில்லை? முகூர்த்த நாள், ஆர்டர் இருந்தது. மார்கழியில் ஏது முகூர்த்தம்? பயம். கண் மஞ்சளாகி, கன்னம் ஒட்டி, கை குச்சியாகி இருக்கும் ஒரு ஆளைப் பார்க்கப் பயம். எழுத்தில் பாய் இளைக்கவில்லை, எழுத்தில் அவர் அதே ஆள்தான். அதனால் எழுத்தே போதும் என்று இருந்துவிட்டான்.

பதினொன்று ஐம்பத்து நான்குக்குப் பதில் வந்தது. “ரெண்டு வருசம் கழிச்சு, மாப்ளகிட்ட.” அவ்வளவுதான். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுத்த கணம் குழுவில் கொட்டியது. சிரிக்கிற பொம்மைகள், கைதட்டுகள், பாய் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் பழைய போட்டோவில் யாரோ செய்த ஸ்டிக்கர். “பாயை அசைக்க முடியுமா!” என்றான் ஒருவன். “மதி அண்ணே க்ளீன் போல்டு” என்றான் தருண். “பாய் நூறு வருசம் வாழ்ந்து நூத்தி ரெண்டாவது வருசம் அந்தக் கார்டை வாங்குவாரு” என்று எழுதினான் ஒரு ஈரோட்டுக்காரன். அதற்கு அறுபது இதயம் விழுந்தன. மதியழகன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனான். நிறுத்துங்கடா என்று கத்த வேண்டும் போலிருந்தது. யாரைச் சொல்வது, அவர்களுக்கு என்ன தெரியும், சிரிக்கிறார்கள், சிரிக்க வைத்தது நான். அவர் அந்த வரியை எழுதப் பன்னிரண்டு நிமிடம் எடுத்திருக்கிறார். வழக்கமாக நாலு விநாடி. பன்னிரண்டு நிமிடம் என்ன செய்தார்? வலி வந்து மாத்திரைக்குக் கை நீட்டியிருக்கலாம், மனைவி ஜுலைகா பாத்ரூமுக்குக் கூட்டிப்போயிருக்கலாம், வெறுமனே சுவரைப் பார்த்திருக்கலாம். ரெண்டு வருசம் என்று அடித்துவிட்டு அந்த ரெண்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். மதியழகன் தண்ணீர் பாட்டிலை எடுத்தான், காலியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து முசிறியிலிருந்து பெண்ணின் அப்பா போன் செய்தார். பொன்னம்பலம் என்று பெயர், அரிசி மண்டி. “தம்பி, வேலை எந்த மட்டுக்கு இருக்கு?” அறுபத்தாறு சதவீதம் ஓடியிருக்கிறது என்று மதியழகன் சொன்னான். அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ. “அதுல எங்க மச்சினன் வர்ற இடம், நான் சொன்னேனே, அதை நீட்டிட்டீங்களா?” நீட்டிவிட்டேன் என்றான். “இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா தம்பி? என் வீட்ல கேக்குறா. வேற போட்டோவே இல்லை, எல்லாத்துலயும் அந்தாளு பந்தி பரிமாறிக்கிட்டுத்தான் நிக்கிறான், மூஞ்சியைக் காட்டினது அங்க மட்டும்தான்.” மச்சினன் ரெங்கராஜ் கல்யாணம் முடிந்த பன்னிரண்டாம் நாள் பைக்கில் போய் லாரியில் மோதி இறந்துபோனார். படத்தில் அவர் பாயசத் தூக்கோடு குனிந்து நிமிர்கிறபோது கேமராவைப் பார்த்து, வெட்கப்பட்டு, தோள் துண்டால் வாயைத் துடைக்கிறார். மொத்தம் மூன்று விநாடி. அதை மதியழகன் ஒன்பது விநாடியாக இழுத்திருந்தான். இழுத்தால் நடுவில் இடைவெளி விழும், அந்த இடைவெளிக்குக் கார்டு தானாகப் படம் வரைந்து சொருகும். துண்டு வாய்க்குப் போகிற வழியில் கை எங்கே இருந்திருக்கும், கண் எப்படி மூடியிருக்கும் என்று ஊகம் பண்ணி வரையும். சில இடத்தில் விரல் ஆறு தெரியும், அதை உட்கார்ந்து துடைக்க வேண்டும். இதைத்தான் பாய் காலையில் இட்டுக்கட்டினது என்றார். ஒன்பதைப் பதினைந்து ஆக்கினால் அதில் ரெங்கராஜ் கால்வாசி கூட இருக்கமாட்டார், மிச்சமெல்லாம் கார்டு. “பார்க்கிறேங்கய்யா” என்றான். “பார்த்துச் செய்ங்க தம்பி. புண்ணியமாப் போகும்” என்று அவர் வைத்துவிட்டார். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தான். செத்தவருக்கு ஆறு விநாடி சேர்த்துக் கொடுக்கிற ஆள், இருக்கிறவரிடம் போய் என்ன கேட்டான் பார்.

மறந்துட்டேன். சரி, மறந்துட்டேன் என்றே சொல்லிவிடலாம். தனியாக ஒரு செய்தி, பாய், சத்தியமா மறந்துட்டேன், வாய் தவறி வந்துருச்சு, மனசுல வச்சுக்காதீங்க. எழுத ஆரம்பித்தான். பாய், சத்தியமா, என்று எழுதியதும் கட்டைவிரல் நின்றுவிட்டது. அதேபோல நின்றது. அதே இடத்தில் என்று சொல்ல முடியாது, ஆனால் அதே நிற்றல். பதினொன்று நாற்பத்திரண்டுக்கும் நின்றதே. இப்போதுதான் அது மேலே வந்தது, இல்லை, அப்போதிலிருந்தே மேலேதான் மிதந்துகொண்டிருந்தது, இவன்தான் அதைத் திரும்பத் திரும்பக் கால் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். முதல்ல நீங்க வாங்கப், என்று எழுதியவுடன் விரல் நின்றது. கீழே தையல் மெஷினும் அந்நேரம் நின்றிருந்தது. அந்த அமைதியில் அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கணையம் தெரிந்தது, மதுரை டாக்டர் தெரிந்தார், மே மாதம் தெரிந்தது. மோந்து பார்க்கிற பாயின் மூக்கு கூடத் தெரிந்தது. வேண்டாம் என்று ஒரு குரல் சொன்னது, தெளிவாகச் சொன்னது. இவன் அதைக் கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தை எழுதினான். போறீங்களா பாய். கேள்விக்குறி போட்டான். கேள்விக்குறிக்காக எழுத்துப் பலகையைத் தனியாக மாற்ற வேண்டும், அதை மாற்றி, தேடி, போட்டான். மறக்கவில்லை. ஒரு நொடி கூட மறக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், ஞாபகம் இருந்ததால்தான் அனுப்பினான். இந்தத் தடவை அவரால் பதில் சொல்ல முடியாது என்று தெரியும். பன்னிரண்டு வருடமாக அந்தக் கேள்வி பாயிடம் மட்டும் பலித்ததில்லை, இன்று பலிக்கும் என்று தெரியும். பொடி எழுத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதற்காக. தருண் மாதிரி ஒரு பொடியன் கைதட்டினான் என்பதற்காக. ஒரு கார்டு. அதுவும் இன்னும் வராத கார்டு. எழுபத்தெட்டு சதவீதம். மதியழகன் எழுதிய இரண்டு வார்த்தையை அழித்தான். மனிதனா நீ என்று கேட்டுக்கொண்டான்.

பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு போன் அடித்தது. பாய். முழுதாக அடித்து ஓயவிட்டான். மறுபடி அடித்தது. எடுத்தான்.

“எடுக்க மாட்டியாடா? குளிச்சுக்கிட்டா இருந்த?” குரல் பாதியாகியிருந்தது. நடுநடுவே காற்று மட்டும் வந்தது.

“பாய், நான் வந்து...”

“மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்ச, வச்சிருவேன். நான் ஒண்ணு கேக்குறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்தக் கேள்வியை அடிச்சியே, அப்ப எனக்கு இப்படின்னு உனக்கு ஞாபகம் இருந்துச்சா, இல்லையா?”

மதியழகன் திரையைப் பார்த்தான். அதில் இலையைப் போடுகிற யாரோ ஒருவர் துண்டு துண்டாக நகர்ந்துகொண்டிருந்தார்.

“ஏன் கேக்குறேன்னா,” என்று பாயே தொடர்ந்தார், “படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறேன், ஜுலைகா அடுப்பங்கரையிலேர்ந்து ஓடி வர்றா, என்னமோ ஆயிப்போச்சுன்னு. வலி வந்துருச்சு, மாத்திரை போட்டுப் படுக்க வச்சுட்டா. அதான் பதில் போட நேரமாச்சு. மாப்ள, இந்த வீட்ல ஒருத்தரும் மறக்க மாட்டேங்குறாங்கடா. கஞ்சியில உப்பு இல்லைன்னேன், ஆமாங்க இல்லைதான்னா. அஞ்சு நிமிசம் விட்டு உப்பு கரிக்குதுன்னேன், ஆமாங்க கரிக்குதுன்னா. எதிர்வீட்டு சலீம் கேரம் விளையாட வர்றான். இருபது வருசமா எனக்கு ஒரு காய் விட்டதில்லை அவன். இப்ப வேணும்னே தப்பா அடிக்கிறான். போர்டைக் கவுத்துட்டேன் நேத்து.” மூச்சு வாங்கினார். “நீ ஒருத்தன்தான் மறந்த. ஒரு நிமிசமாவது ஒருத்தன் மண்டையில நான் நல்லா இருந்திருக்கேன். ரெண்டு வருசம் கழிச்சு வாங்குற ஆளா இருந்திருக்கேன். அது நிசந்தானான்னு தெரிஞ்சுக்கணும். மறந்துட்டேல்ல?”

கீழே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.

“மறந்துட்டேன் பாய்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அது போதும்டா” என்றார் பாய். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை மதியழகனால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, எழுந்து சுவரோரம் போய் நின்றான். “சரி, வா வா. ரோட்டைப் பாதியாக் குறைச்சதுக்கு இன்னும் பதில் வரலை. மதி ஓடிட்டான்னு பசங்க பேசுறானுங்க. வந்து பேசு.”

போன் நின்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ஏன்டா இப்படிக் கேட்ட என்று அழுதிருந்தால்கூட, காலில் விழுந்தாவது கரை ஏறியிருப்பான். இது என்ன, செய்யாததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார், செய்ததை யாரிடம் கொண்டுபோய் இறக்குவது? உண்மையைச் சொல்லலாம். இல்லை பாய், ஞாபகம் இருந்தது, இருந்துதான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு மனசைக் கழுவிக்கொள்ளலாம். இவன் மனசு கழுவப்படும், அங்கே கட்டிலில் கிடக்கிறவருக்கு அந்த ஒரு நிமிடமும் போய்விடும். சொல்ல முடியாது. இன்றைக்கு முடியாது, எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாளும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை போய்க் கட்டிலோரம் உட்காரவும் முடியாது. உட்கார்ந்தால் முகம் காட்டிக்கொடுக்கும்.

குழுவைத் திறந்தான். பாய் அதற்குள் அந்தப் பொடி எழுத்து வரியைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, பெரிதாக்கிப் போட்டிருந்தார். வட்டம் கோணலாக இருந்தது. கீழே, “மாப்ள, கண்ணைத் திறந்து பாரு.” தருணும் மற்றவர்களும் காத்துக்கொண்டிருந்தார்கள். மதியழகன் பார்த்தான். பாதிதான். அதில் வாதாட ஒன்றுமே இல்லை, பாய் ஜெயித்துவிட்டார், பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அவர் ஜெயித்ததில்லை. நீங்க சொல்றது சரி பாய் என்று எழுத ஐந்து விநாடி ஆகாது. எழுதினால், படித்த அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிடும், இவனும் காயை விடுகிறான் என்று. இனிமேல் அந்த மனிதர் சொல்கிற எதையும் சரி என்று இவன் சொல்லக்கூடாது. அவர் சொன்னது சரியென்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமென்றால், அதுவும் அவர் போன பிறகுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். எழுத்து கலங்கித் தெரிந்தது. “தப்பு பாய். உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்று எழுதி அனுப்பினான்.